மதுரைக்கு ஒரு சனி, ஞாயிறு: சென்னையிலிருந்து சிக்கனமாகப் போய் வருவது எப்படி?

வெள்ளி இரவு கிளம்பி, இரண்டு நாள் சுற்றிவிட்டு, திங்கள் காலை வேலைக்குத் திரும்புவதற்கு மதுரையைப் போலத் தோதான ஊர் சென்னைக்காரர்களுக்கு வேறு இல்லை என்பேன். போகவும் வரவும் இரவு ரயில் இருக்கிறது. ஸ்டேஷனில் இறங்கி நடந்தே கோயிலுக்குப் போய்விடலாம். நல்ல சாப்பாடு தெருவுக்குத் தெரு கிடைக்கிறது.

இருந்தும் முதல்முறை போகிறவர்கள் கையில் காசு நிற்பதில்லை. காரணம் மதியம்தான். மீனாட்சி அம்மன் கோயிலில் 12.30 மணி சுமாருக்கு நடை சாத்தினால் மறுபடி திறப்பது நான்கு மணிக்கு. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். எங்கே போவதென்று தெரியாத அந்த மூன்றரை மணி நேரத்தில்தான் தேவையில்லாத ஆட்டோவும், தேவையில்லாத ஏசி ரெஸ்டாரண்டும், வாங்க நினைக்காத சேலையும் வந்து சேரும். அதனால் இந்தப் பயணத்தில் இரண்டு மதியங்களையும் எங்கே கழிப்பது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதைச் சுற்றித் தானாக அமையும்.

படி 1: டிக்கெட்

முன்பதிவு 60 நாளுக்கு முன்னால், காலை 8 மணிக்குத் திறக்கும். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை டிக்கெட் முதலில் திறக்கும், ஞாயிறு டிக்கெட் இரண்டு நாள் கழித்துத்தான் திறக்கும். வெள்ளிக்குப் போட்ட கையோடு ஞாயிறை மறந்துவிட்டால், திரும்பி வர வெயிட்டிங் லிஸ்ட்தான் மிஞ்சும். தென்மாவட்டத்திலிருந்து சென்னைக்கு வரும் ஞாயிறு இரவு ரயில்கள் அவ்வளவு கூட்டம். போனில் இரண்டு நாளுக்கும் அலாரம் வைத்துவிடுங்கள்.

பாண்டியன் எக்ஸ்பிரஸ் மதுரையிலேயே கிளம்பி மதுரையிலேயே முடிகிற வண்டி என்பதால் முதலில் அதைப் பாருங்கள். அதில் இடம் இல்லையென்றால் நெல்லை, பொதிகை, முத்துநகர், கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் எல்லாமே மதுரை வழியாகப் போகிறவைதான். ஆனால் இவை மதுரையைத் தாண்டிப் போகும் வண்டிகள், விடியற்காலையில் தூங்கிவிடாமல் இறங்க வேண்டும். ஸ்லீப்பருக்கு ஒருவருக்கு ஒரு வழிக்கு முந்நூறு சொச்சம் ஆகும். மூன்றாம் வகுப்பு ஏசி ஏறக்குறைய இரண்டரை மடங்கு. மழை, குளிர் மாதங்களில் ஸ்லீப்பரே தாராளமாகப் போதும்.

ஆர்ஏசி வந்தால் பயப்பட வேண்டாம், ஏறலாம். பக்கவாட்டுக் கீழ் பெர்த்தை இன்னொருவரோடு பகிர்ந்து உட்கார வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஆன்லைனில் எடுத்த டிக்கெட் சார்ட் போட்ட பிறகும் வெயிட்டிங் லிஸ்டில் இருந்தால் தானாக ரத்தாகி, பணம் திரும்ப வந்துவிடும். தட்கல் முதல் நாள் திறக்கும்: ஏசிக்கு காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. ஐஆர்சிடிசி கணக்கில் ஆதார் சரிபார்ப்பை முன்கூட்டியே முடித்திருக்க வேண்டும். வண்டி எழும்பூரிலிருந்தா தாம்பரத்திலிருந்தா என்பதையும் டிக்கெட்டில் ஒருமுறை பாருங்கள். எழும்பூரில் வேலை நடக்கும் காலங்களில் மாற்றங்கள் வருகின்றன.

ரயில் எதுவுமே அமையவில்லையா, கிளாம்பாக்கத்திலிருந்து அரசு விரைவுப் பேருந்து இருக்கிறது. அது மாட்டுத்தாவணியில் இறக்கிவிடும். அங்கிருந்து பெரியார் பேருந்து நிலையத்துக்கு டவுன் பஸ் பிடித்தால் கோயில் பக்கம் வந்துவிடலாம்.

தேதி விஷயத்தில் ஒரு வார்த்தை. சித்திரைத் திருவிழா சமயத்தில் முதல் பயணத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கவே போகிறீர்கள் என்றால் அது வேறு. சிக்கனம் என்ற பேச்சுக்கே அப்போது இடமில்லை. முகூர்த்த நாட்களையும் தவிர்க்கலாம், லாட்ஜ்கள் கல்யாண வீட்டாரால் நிரம்பிவிடும்.

படி 2: ஒரே ஒரு இரவுக்கு அறை

இரண்டு இரவு ரயிலிலேயே போய்விடுவதால் அறை வேண்டியது சனி இரவுக்கு மட்டும்தான். ஸ்டேஷனுக்கு எதிரே, டவுன் ஹால் ரோடு, மேலப்பெருமாள் மேஸ்திரி வீதிப் பக்கம் லாட்ஜ்கள் வரிசையாக இருக்கின்றன. போனில் இந்த மூன்றைக் கேளுங்கள்: 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கா? வரி சேர்த்து எவ்வளவு? சுடுதண்ணீர் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை?

முதல் கேள்விதான் முக்கியம். இந்தப் பகுதியில் 24 மணி நேரக் கணக்கில் அறை தரும் லாட்ஜ்கள் பல உண்டு. காலை 6 மணிக்கு வந்து இறங்கியதும் அறை எடுத்தால் மறுநாள் காலை 6 மணிக்குக் காலி செய்யச் சொல்வார்கள். இல்லையென்றால் இன்னொரு நாள் வாடகை. அதற்குப் பதிலாகப் பையை ஸ்டேஷன் கிளாக் ரூமில் வைத்துவிட்டு, ஸ்டேஷனிலேயே குளித்துக் கிளம்பி, மதியம் ஒரு மணிக்கு அறை எடுங்கள். சனி மதிய வெயிலில் தூங்க இடம் கிடைத்துவிட்டது, ஞாயிறு மதியம் ஒரு மணி வரை அறையும் உங்களுடையது. வாடகை ஒரு நாளுக்குத்தான். கிளாக் ரூமில் பூட்டுப் போட்ட பையை மட்டுமே வாங்குவார்கள், டிக்கெட்டும் கேட்பார்கள். சின்னப் பூட்டு ஒன்றை எடுத்துப் போங்கள். லாட்ஜுக்கு எல்லோருடைய ஆதாரும் வேண்டும்.

படி 3: சனி காலை, ஊரின் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள்

மதுரையின் பழைய நகரம் கோயிலை நடுவில் வைத்துச் சதுரம் சதுரமாக விரிகிறது. கோயில் மதிலுக்குள் ஆடி வீதி. அதைச் சுற்றிச் சித்திரை வீதி, பிறகு ஆவணி மூல வீதி, மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. ஒவ்வொன்றிலும் கீழ, மேல, தெற்கு, வடக்கு என நான்கு பக்கம். ஸ்டேஷன் இருப்பது மேல வெளி வீதிப் பக்கம். டவுன் ஹால் ரோட்டில் நேராகக் கிழக்கே நடந்தால் கால் மணி நேரத்தில் மேலக் கோபுரம் கண்ணில் படும். இது மனதில் பதிந்துவிட்டால் மேப்பும் வேண்டாம், பழைய நகரத்துக்குள் ஆட்டோவும் வேண்டாம்.

ஏழு மணிக்குள் கோயிலுக்குள் நுழைந்துவிடுங்கள். சிறப்பு தரிசன டிக்கெட் எடுக்காமலே அம்மனை நிம்மதியாகப் பார்க்கலாம். செல்போனுக்கு உள்ளே அனுமதி இல்லை, வாசலில் உள்ள பாதுகாப்பு அறையில் கொடுத்துவிட வேண்டும். அப்புறம் கூட வந்தவரைத் தொலைத்தால் கூப்பிட வழியில்லை. எனவே பொற்றாமரைக் குளத்துப் படிக்கட்டு என்று ஓர் இடத்தை முன்பே பேசி வையுங்கள். எந்தக் கோபுரத்தில் செருப்பும் போனும் விட்டீர்களோ அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு கோபுரமும் புதியவர்களுக்கு ஒன்றுபோலவே தெரியும்.

முக்குறுணி விநாயகர் முன்னால் ஒரு நிமிடம் நில்லுங்கள். தெப்பக்குளம் தோண்டும்போது கிடைத்தவர் என்பார்கள். அந்தக் குளத்தைத்தான் மாலையில் பார்க்கப் போகிறோம்.

இட்லி சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்குத் திருமலை நாயக்கர் மகால். 1636ல் கட்டியது. இன்று நிற்பது பழைய அரண்மனையின் ஒரு பகுதிதான், ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு என்பார்கள். அந்தத் தூண்களுக்கு நடுவே நின்றால் மிச்சம் முக்கால் பங்கு எப்படி இருந்திருக்கும் என்று மனம் தானாகக் கணக்குப் போடும். நுழைவுக் கட்டணம் சொற்பம்.

திரும்பும் வழியில் விளக்குத்தூண் வரும். ஊரைச் சுற்றியிருந்த பழைய கோட்டையை இடித்து நகரத்தை விரிவாக்கிய கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாக நட்டது. பெரும்பாலோர் அதைக் கவனிக்காமல் பக்கத்தில் ஜிகர்தண்டா குடிப்பதில் மும்முரமாக இருப்பார்கள். நீங்கள் இரண்டையும் செய்யுங்கள். பாலும் கடல்பாசியும் நன்னாரியும் ஐஸ்கிரீமும் சேர்ந்த அந்த டம்ளர் உச்சிவெயிலுக்கு என்றே பிறந்தது.

சாப்பாடு, அறை, தூக்கம். முதல் மதியம் முடிந்தது.

படி 4: சனி மாலை

ஐந்து மணிக்கு டவுன் பஸ் ஏறி வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமே கிடையாது. ஆண்கள் பத்து ரூபாய் நோட்டுகளாகச் சில வைத்திருங்கள். குளத்தின் கைப்பிடிச் சுவரில் மாலையில் ஊரே உட்கார்ந்திருக்கும். மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம்தான் இந்தக் குளம் ஆனது என்று சொல்வார்கள். காலையில் மகாலைப் பார்த்துவிட்டு வந்தால் இந்தக் கதைக்குத் தனி ருசி.

எட்டரைக்குள் மறுபடி கோயிலுக்கு வந்துவிடுங்கள். நடை சாத்தும் முன் பள்ளியறை பூஜை நடக்கும். சொக்கநாதரின் பாதங்களைப் பல்லக்கில் வைத்து, இசையோடு மீனாட்சியின் சன்னிதிக்குக் கொண்டு போவார்கள். இந்த ஊரில் பார்க்க வேண்டியதில் எதை விட்டாலும் இதை விடாதீர்கள். முடிந்ததும் பரோட்டாவோ கறிதோசையோ. மாசி வீதிப் பக்கம் ராத்திரி வெகுநேரம் அடுப்பு எரியும்.

படி 5: ஞாயிறு

காலை ஆறரைக்குப் பெரியாரிலிருந்து திருப்பரங்குன்றம் பஸ். அடிக்கடி கிடைக்கும், எட்டு கிலோமீட்டர்தான். குன்றைக் குடைந்த குடைவரைக் கோயில், அறுபடை வீடுகளில் முதலாவது. நான்கைந்து பேராகப் போகிறீர்கள் என்றால் ஆட்டோ பேசி, கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போங்கள். தாமரைக் குளமும், பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர்களும் உண்டு. போக வர, காத்திருக்க எல்லாம் சேர்த்துத் தொகையை ஏறும் முன்பே பேசிவிடுங்கள். பத்தரைக்குள் திரும்பி, குளித்து, அறையைக் காலி செய்து, பையை மறுபடி கிளாக் ரூமில் போடுங்கள்.

இரண்டாவது மதியத்துக்குக் கீழடி. மானாமதுரை, பரமக்குடி போகும் பேருந்தில் கீழடி விலக்கில் நிற்குமா என்று கண்டக்டரிடம் கேட்டு ஏறுங்கள். 2023ல் திறந்த அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீட்டு அமைப்பில் கட்டியது. டிக்கெட் ஒரு டீ விலை. செவ்வாய்தான் விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். இரண்டாயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன் இங்கே வாழ்ந்தவர்கள் உடைந்த பானைகளில் ‘ஆதன்’, ‘குவிரன்’ என்று தங்கள் பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள். அந்த ஓடுகளின் முன்னால் குழந்தைகளை நிறுத்தி எழுத்துக் கூட்டிப் படிக்க வையுங்கள். இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள், அவசரமாகப் பார்க்கிற இடம் இல்லை.

அவ்வளவு தூரம் வேண்டாமென்றால் நகரத்திலேயே காந்தி நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959ல் தொடங்கியது. காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி அங்கே பாதுகாக்கப்படுகிறது.

இதே இரண்டு நாளில் கொடைக்கானலையும் ராமேஸ்வரத்தையும் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். பாதி நேரமும் முக்கால்வாசிப் பணமும் காரிலேயே போய்விடும்.

செலவு

இருவராகப் போனால் தலைக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: ஸ்லீப்பரில் போக வர 700, அறையில் பாதி 600 முதல் 800, சாப்பாடு 700, பஸ், நுழைவுச்சீட்டு, கிளாக் ரூம் எல்லாம் சேர்த்து 300. ஆக 2,500 ரூபாய் கையில் இருந்தால் போதும். தனியாகப் போகிறவர்கள் அறைக்குப் பதில் ஸ்டேஷன் ஓய்வறையைப் பார்க்கலாம். உறுதியான டிக்கெட்டின் பிஎன்ஆர் எண்ணை வைத்து ஐஆர்சிடிசியிலேயே பதிவு செய்யலாம். டிக்கெட் கன்ஃபர்ம் ஆன அன்றே பாருங்கள், அறைகள் கொஞ்சம்தான்.