நீண்ட வாக்கியத்தில் ‘யார்?’ என்று கேளுங்கள்

‘நான் மனு கொடுத்து, அதிகாரி கையெழுத்திட்டார்.’ படித்தால் புரிகிறது, ஆனால் வாக்கியம் சரியில்லை. கொடுத்து, வந்து, பார்த்து போன்ற வினையெச்சங்களுக்கும் கடைசியில் வரும் வினைமுற்றுக்கும் பொதுவாக ஒரே எழுவாய்தான் இருக்க வேண்டும். கொடுத்தது யார்? நான். கையெழுத்திட்டது யார்? அதிகாரி. ஆள் மாறிவிட்டாரா, எச்சத்தை மாற்றுங்கள்: ‘நான் மனு கொடுத்ததும் அதிகாரி கையெழுத்திட்டார்.’ கொடுத்தபின், கொடுத்ததால், கொடுத்தபோது என்று பொருளுக்கு ஏற்றதைப் போடலாம். ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ மட்டும் எப்படிச் சரி என்று கேட்பீர்கள். அங்கே பெய்தது காரணம், நிறைந்தது விளைவு. அதை இலக்கணமே ஏற்கிறது. எனக்கு மிகவும் பிடித்த விதிவிலக்கு இது.

அப்புறம், நிறுத்தக்குறி. பெயரெச்சத்தையும் அது தழுவும் பெயரையும் காற்புள்ளியால் பிரிக்காதீர்கள். ‘நேற்று வந்த, பையன்’ தவறு. ஒரே எழுவாய்க்குப் பல வினைமுற்றுகள் வந்தால் இடையில் அரைப்புள்ளி: ‘கண்மணி ஊருக்குப் போனாள்; பாட்டியைப் பார்த்தாள்; மறுநாளே திரும்பினாள்.’

‘உம்’மையும் பாருங்கள். ‘அண்ணனும் தம்பி வந்தார்கள்’ என்று பாதியில் விடாமல், ‘அண்ணனும் தம்பியும்’ என்று எழுதுங்கள்.