முதலில் பிரேக், அப்புறம் கொல்லிமலை

என் மகள் பைக் பழகியபோது முதல் பத்து நாள் நான் அவளைச் சாலையில் விடவில்லை. நாமக்கல்லில் ஒரு காலி மைதானம், பிரேக் பயிற்சி மட்டும். புதிதாக ஓட்டுகிறவர்கள் பின் பிரேக்கையே நம்புகிறார்கள். முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுவோம் என்று பயம். உண்மையில், வேகம் குறையும்போது பாரம் முன் சக்கரத்தின் மேல் சாய்கிறது. அதனால் வண்டியை நிறுத்தும் வலு அதிகமும் முன் பிரேக்கில்தான் இருக்கிறது. வெடுக்கென்று பிடித்தால்தான் ஆபத்து. எலுமிச்சம்பழம் பிழிவது போல மெல்லத் தொடங்கி இறுக்குங்கள், பின் பிரேக்கையும் சேர்த்து. ஹேண்டில்பார் நேராக இருக்கட்டும். 20 கி.மீ. வேகத்தில் தொடங்கி, கை பழகியதும் 30, 40 என்று ஏற்றுங்கள். மணலிலும் முதல் மழை நனைத்த ரோட்டிலும் இன்னும் மென்மையாகப் பிடிக்க வேண்டும்.

60 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்குள் ஏறக்குறைய 17 மீட்டர் போய்விடுகிறோம். பஸ்ஸின் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள்.

சரி, மலை. கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். கண் வளைவின் முடிவைத் தேடட்டும். இறக்கத்தில் நியூட்ரல் கூடவே கூடாது. இரண்டாம் கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கும் சூடேறாது. ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுங்கள்.

ஹெல்மெட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள். தாடைப் பட்டையை மாட்டுங்கள். நான் ஒருமுறை மாட்டாமல் விழுந்தேன். எனக்கு முன்னால் ஹெல்மெட் தனியே உருண்டு போனது.