விரல் உயரச் சிப்பாய்க்கு வண்ணம் பூசலாம், வாருங்கள்

நான் முதன்முதலில் வண்ணம் பூசிய சிப்பாய்க்கு முகம் இல்லை. வாங்கும்போது இருந்தது. மூக்கு, கன்னம், முறுக்கிவிட்ட மீசை எல்லாம் இருந்தன. குப்பியிலிருந்து எடுத்த பெயிண்டைத் தண்ணீர் கலக்காமல் மூன்று முறை பூசியதில் அத்தனையும் மூழ்கிவிட்டன. தொப்பி போட்ட கூழாங்கல் ஒன்று துப்பாக்கியோடு நின்றது. உங்கள் முதல் ஆளுக்கு அந்தக் கதி நேராதபடி, ஒரே ஒரு சிப்பாயைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை பூசுவது எப்படி என்று பார்ப்போம்.

ஆளைத் தேர்ந்தெடுப்பது

பெட்டியின் மேல் 1/72, 1/35 என்று அளவு போட்டிருக்கும். 175 செ.மீ. உயரமுள்ள மனிதன் 1/72 அளவில் இரண்டரை சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. 1/35 அளவில் 5 செ.மீ. மேசைப் போர் விளையாட்டுக்காரர்கள் புழங்கும் 28 மி.மீ. உருவங்களில் தலையையும் கைகளையும் வேண்டுமென்றே கொஞ்சம் பெரிதாகச் செய்திருப்பார்கள். பூசுகிறவருக்கு அது வசதி. 1/72 பெட்டிகளில் வருபவை பெரும்பாலும் வளையக்கூடிய மென்பிளாஸ்டிக். துப்பாக்கிக் குழல் ஒருமுறை வளைந்து நிமிர்ந்தால் போதும், பெயிண்ட் உரிந்துவிடும். ஆகவே முதல் ஆள் 28 மி.மீ. அல்லது 1/35 அளவில், கெட்டிப் பிளாஸ்டிக்கில் இருக்கட்டும்.

அடுத்து சீருடை. நெப்போலியன் காலத்து வீரர்கள் கண்ணைப் பறிப்பார்கள். ஆனால் நீலக் கோட்டின் மேல் குறுக்கே இரண்டு வெள்ளை வார், சிவப்புக் கழுத்துப்பட்டை, வரிசையாகப் பித்தளைப் பொத்தான் என்று உங்கள் பொறுமையையும் சேர்த்துப் பறிப்பார்கள். இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் காலாட்படை வீரனை எடுங்கள். பழுப்புச் சாயலுள்ள காக்கிக் கம்பளி உடுப்பு, அதைவிட வெளிறிய பச்சைச் சாயலில் வார்களும் பைகளும், கறுப்பு பூட்ஸ். கை நடுங்கினாலும் காக்கி காட்டிக்கொடுக்காது.

நிறத்துக்குப் படம் தேடும்போது போரின் பெயரோடு ஆண்டையும் சேர்த்துத் தேடுங்கள். 1914-இல் சிவப்புக் கால்சட்டையோடு போர்முனைக்குப் போன பிரெஞ்சு வீரர்கள், 1915-இல் வெளிர்நீலத்துக்கு மாறிவிட்டார்கள். போர் ஒன்றுதான், சிப்பாய் வேறு.

கழுவி, சுரண்டி, பிரைமர் அடித்து

அச்சிலிருந்து எளிதில் கழன்று வருவதற்காகத் தடவிய பொருள் உருவத்தின் மேல் ஒட்டியிருக்கலாம். அதன்மேல் பெயிண்ட் பிடிக்காது. பாத்திரம் துலக்கும் சோப்பு நீரில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள்.

அச்சின் இரண்டு பாதிகளும் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு ஒன்று தோளிலிருந்து கால்வரை ஓடும். கத்தியின் முதுகால் அதைச் சுரண்டி எடுங்கள். இப்போது கண்ணில் படாத அந்தக் கோடு, பெயிண்ட் ஏறியதும் தழும்பு போலத் தெரியும். பழைய உலோக உருவங்களில் ஈயம் இருக்கக்கூடும். சுரண்டிய தூளைத் துடைத்தெடுத்துவிட்டுக் கையைக் கழுவுங்கள். பிரஷ் முனையை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கமும் வேண்டாம்.

உருவத்தை இரட்டைப் பக்க டேப்பால் ஒரு பாட்டில் மூடியின் மேல் நிறுத்துங்கள். இனி முடியும்வரை மூடியை மட்டும்தான் பிடிக்க வேண்டும்.

பிரைமருக்கு, அதாவது பெயிண்ட் பிடிப்பதற்காக முதலில் அடிக்கும் அடிப்பூச்சுக்கு, சாம்பல் நிற ஸ்ப்ரே போதும். டப்பாவை நன்றாகக் குலுக்கி, திறந்த வெளியில், முகமூடி அணிந்து, 20 முதல் 30 செ.மீ. தள்ளி நின்று அடியுங்கள். ஸ்ப்ரேயை உருவத்துக்கு வெளியே தொடங்கி, அதைக் கடந்து சென்று நிறுத்த வேண்டும். நேராக உருவத்தின் மேலேயே பொத்தானை அழுத்தினால் முதல் சொட்டு முகத்தில் தேங்கும். இரண்டு மூன்று மெல்லிய பூச்சு போதும். மழை நாளில் அடிக்காதீர்கள். ஈரக்காற்றில் நான் அடித்த ஒரு முழு வரிசையும் மணல் தூவியது போல் சொரசொரத்துப்போனது.

பெயிண்டின் பதம்

மொத்த வித்தையில் பாதி இங்கேதான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள்.

நீரில் கரையும் அக்ரிலிக் பெயிண்ட் வாங்குங்கள். மாடல் வேலைக்கென்றே வருபவற்றில் நிறத்தூள் மிக நுண்மையாக இருக்கும். குப்பியிலிருந்து நேராகப் பூசவே கூடாது. இரண்டு சொட்டு பெயிண்டுக்கு ஒரு சொட்டு தண்ணீரில் தொடங்கி, பால் பதத்துக்கு வரும்வரை கலக்குங்கள். கட்டைவிரல் நகத்தில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். பிசிறில்லாமல் ஓட வேண்டும், ஓரங்களில் பரவவும் கூடாது. முதல் பூச்சில் அடியிலுள்ள சாம்பல் திட்டுத் திட்டாகத் தெரியும். பயப்படாதீர்கள். காய்ந்தபின் இரண்டாவது, தேவைப்பட்டால் மூன்றாவது பூச்சு.

கலந்த பெயிண்ட் உலராமலிருக்க, தட்டையான டப்பாவில் நனைத்த ஸ்பாஞ்சை வைத்து அதன்மேல் கேக் சுடப் பயன்படுத்தும் பேக்கிங் தாளை விரித்து, தாளின் மேல் கலக்குங்கள்.

பிரஷ் விஷயத்தில் எல்லாரும் செய்யும் தப்பு, சின்ன வேலைக்குச் சின்ன பிரஷ் என்று மூன்று பூஜ்யம் போட்டதை வாங்குவது. அது எடுக்கும் துளி, உருவத்தைத் தொடுவதற்குள் காய்ந்துவிடும். நுனி கூராக நிற்கும் 1 அல்லது 2-ஆம் எண் பிரஷ்ஷே எல்லாம் செய்யும். உலோகப் பூண் வரை பெயிண்ட் ஏறவிட்டால் மட்டும் நுனி விரிந்துபோகும்.

உள்ளிருந்து வெளியே

உடுத்திக்கொள்ளும் வரிசையிலேயே பூசுங்கள்: முதலில் தோல், பிறகு உடுப்பு, அதன்மேல் வார், பை, கடைசியில் துப்பாக்கி, ஹெல்மெட். பிரஷ் தவறினாலும் இன்னும் பூசாத இடத்தில்தான் படும்.

நம் பிரிட்டிஷ் வீரனின் லீ-என்ஃபீல்டு துப்பாக்கியில் குழலின் பெரும்பகுதியை மரம் மூடியிருக்கும், ஆகவே முழுக் குழலையும் உலோக நிறமாக்கிவிடாதீர்கள். உலோகம் தெரியும் இடங்களில் கறுப்புப் பூசி, மங்கிய வெள்ளியை ஓரங்களில் மட்டும் லேசாகத் தேயுங்கள். பூட்ஸுக்கு அடர் சாம்பல்; தனிக் கறுப்பு போட்டால் அந்த இடம் ஓட்டை போலத் தெரியும்.

நிழலும் வெளிச்சமும்

எல்லா நிறமும் ஏறியபின் சிப்பாய் பிளாஸ்டிக் பொம்மை மாதிரிதான் இருப்பான். காரணம் எளிது. நம் சட்டை மடிப்பில் ஆழமான நிழல் விழுகிறது. அரை மில்லிமீட்டர் மடிப்பில் அப்படி விழாது. அந்த நிழலை நாமேதான் போட வேண்டும்.

அதற்குத்தான் வாஷ் என்னும் நீர்த்த பெயிண்ட். அடர் பழுப்பு வாஷ் ஒன்றை உருவம் முழுக்கத் தடவினால், அது மேட்டிலிருந்து வழிந்து பள்ளங்களில் தங்கும். குளம் கட்டிய இடத்தில் ஈரப் பிரஷ்ஷை வைத்து உறிஞ்சியெடுங்கள். முழுக்கக் காயும்வரை தொடாதீர்கள், பாதி காய்ந்ததைத் தொட்டால் வட்டக் கறை விழும்.

பிறகு அதே காக்கியை முழங்கால், முழங்கை, தோள், மடிப்பின் முகடு ஆகியவற்றில் மட்டும் மறுபடி பூசுங்கள். அதில் கொஞ்சம் வெளிர்மஞ்சள் கலந்து, அந்த முகடுகளின் உச்சியில் இன்னும் மெல்லிய கோடு. வெள்ளை கலக்க வேண்டாம், துணி சுண்ணாம்பு அடித்தது போலாகிவிடும். பைகளுக்கும் ஹெல்மெட் விளிம்புக்கும் ட்ரை பிரஷ்: பழைய பிரஷ்ஷில் வெளிறிய நிறத்தைத் தொட்டு, டிஷ்யூவில் அநேகமாக முழுவதையும் துடைத்துவிட்டு, மிச்சத்தை விளிம்பில் தேய்ப்பது.

முகத்துக்குக் கண், காது, மூக்கு வைத்துப் பெரிதாக்க வேண்டியதில்லை. குழியில் தங்கிய வாஷே கண். விழி வரையப்போய் ஆள் திகைத்து முழிப்பான். மூக்குத்தண்டு, கன்ன எலும்பு, தாடை மூன்றிலும் வெளிர் தோல் நிறம், கீழுதட்டில் துளி செம்பழுப்பு. குப்பியில் 'தோல் நிறம்' என்று வருவது பெரும்பாலும் இளஞ்சிவப்பு. இந்திய, ஆப்பிரிக்க வீரர்களுக்குச் செம்பழுப்பில் தொடங்கி மஞ்சட்காவி கலந்து ஏற்றுங்கள்.

முடிப்பது

அடித்தட்டில் வெள்ளைப் பசை தடவி மணல் தூவி, காய்ந்ததும் பழுப்பு பூசி ட்ரை பிரஷ் செய்யுங்கள். கடைசியாகப் பளபளப்பில்லாத வார்னிஷ். பிரைமருக்குச் சொன்ன மழை எச்சரிக்கை இதற்கு இரட்டிப்பு. ஈரக்காற்றில் வெள்ளையாகப் பனி படர்ந்துவிடும். ஒரு நாள் காயவிட்டு மூடியிலிருந்து கழற்றுங்கள்.

திருப்தியில்லையா? வார்னிஷுக்கு முன்பே முடிவெடுங்கள். அக்ரிலிக் பூசிய உலோக உருவத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் சில மணி நேரம் ஊறவைத்துப் பிரஷ்ஷால் தேய்த்தால் பெயிண்ட் கழன்றுவிடும். ரெசின் என்னும் செயற்கைப் பிசினில் வார்த்த உருவத்தை அதில் போடாதீர்கள். நெருப்புப் பக்கம் போகாமல், கையுறை அணிந்து, ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். என் கூழாங்கல் முகத்துக்காரனை இப்படித்தான் மீட்டேன். உள்ளே மீசை அப்படியே இருந்தது.