பிரான்சைஸ் முடிந்த பிறகும் அதே இடத்தில் போட்டிக் கடை: பிராண்ட்காரர் என்ன செய்யலாம்?

உங்கள் பிராண்ட் பெயரில் கடை நடத்த இன்னொருவருக்கு உரிமை தரும் பிரான்சைஸ் ஒப்பந்தம் எதைப் புரட்டினாலும், ‘முடிந்த பின் 2 ஆண்டுகளுக்கு, 5 கிலோமீட்டர் சுற்றளவில் இதே தொழில் செய்யக் கூடாது’ என்று ஒரு ஷரத்து இருக்கும். இந்தியாவில் அதை மட்டும் நம்பி கோர்ட்டுக்குப் போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவு, ஒருவர் சட்டப்படியான தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு செல்லாது என்கிறது. தூரமும் காலமும் நியாயமானவைதானே என்ற வாதம் எடுபடாது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் மீது பர்செப்ட் டிமார்க் நிறுவனம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-ல் இதை உறுதிப்படுத்தியது. ஷரத்தே செல்லாதபோது, அதை மீறினால் 10 லட்சம் அபராதம் என்று எழுதியிருப்பதும் நிற்காது.

ஆனால் விழுவது அந்த ஒரு ஷரத்து மட்டும்தான். ஆகவே ‘கடையை மூடு’ என்று கேட்காதீர்கள். ‘என் பெயர், போர்டு, கடை அமைப்பு, ரெசிபி, வாடிக்கையாளர் பட்டியல், போன் நம்பர் எதையும் தொடாதே’ என்று கேளுங்கள். ஒப்பந்தத்தில் இவை ஒவ்வொன்றும் தனித்தனி ஷரத்தாக இருக்க வேண்டும். ரகசியங்களை வெளியிடக் கூடாது என்ற ரகசியக் காப்பு ஷரத்தைப் போட்டித் தடையோடு ஒரே பத்தியில் கலந்து எழுதினால், இரண்டும் சேர்ந்து விழும் ஆபத்து உண்டு.

ஒப்பந்தம் நடப்பில் உள்ளபோது நிலைமை வேறு. அந்தக் காலத்துக்கான தடை பொதுவாகச் செல்லும். குஜராத் பாட்லிங் – கோகோ கோலா வழக்கில் (1995) வேறு கம்பெனி பானம் தயாரிக்கக் கூடாது என்ற தடை, ஒப்பந்தம் நீடிக்கும் வரை செல்லும் என்று தீர்ப்பானது. விலகுகிறேன் என்று நோட்டீஸ் வந்தால், நோட்டீஸ் காலம் முடியும் வரை அந்தப் பிடி உங்கள் கையில் இருக்கிறது. மேனுவல், சாஃப்ட்வேர் லாகின், வாடிக்கையாளர் தரவு எல்லாவற்றையும் அதற்குள் திரும்ப வாங்குங்கள்.

ஒப்பந்தம் முடிந்த தேதிக்குப் பிறகு ராயல்டி (பெயரைப் பயன்படுத்தத் தரும் கட்டணம்) வாங்காதீர்கள், சரக்கும் அனுப்பாதீர்கள். கணக்கில் தானாக விழும் ஒரு மாத ராயல்டி போதும், ‘சம்மதத்தோடுதான் பெயரைப் பயன்படுத்தினேன்’ என்று எதிர்த்தரப்பு சொல்வதற்கு.

வக்கீல் நோட்டீஸுக்கு முன்பே ஆதாரம் சேருங்கள். நோட்டீஸ் போன மறுநாளே போர்டு இறங்கிவிடும். ஆள் அனுப்பி ஒரு பொருள் வாங்கி பில் எடுங்கள். பல கடைகளில் வெளியே புதுப் பெயர் மின்னும், பில் மெஷினில் தலைப்பு பழைய பிராண்டாகவே இருக்கும். பில்லில் உள்ள ஜிஎஸ்டி எண்ணும், கல்லாவில் ஒட்டிய க்யூஆரை ஸ்கேன் செய்தால் வரும் பெயரும் கடை யாருடையது என்று காட்டிக்கொடுக்கும். மனைவி, மைத்துனர் பெயர் வந்தால் அவர்களையும் பிரதிவாதியாகச் சேர்க்க வேண்டும். ரகசியக் காப்பில் குடும்பத்தாரிடமும் முதலிலேயே கையெழுத்து வாங்கச் சொல்வது இதற்காகத்தான். ஸ்விக்கி, சொமேட்டோ, கூகுள் மேப் பக்கங்களைத் தேதியோடு ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். 2023-ஆம் ஆண்டு பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழை ஹாஷ் மதிப்போடு (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் அடையாள எண்) இணைக்காவிட்டால், அவற்றை ஏற்கக் கூடாது என்று ஆட்சேபம் வரும்.

நோட்டீஸில் ஷரத்து எண்களைக் குறிப்பிட்டு 7 நாள் கெடு போதும்.

அடுத்து, எங்கே போவது? ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் ஷரத்து (தகராறைக் கோர்ட்டுக்குப் பதில் நடுவர் தீர்ப்பார் என்பது) இருந்தால் நேராக உரிமையியல் வழக்குப் போடாதீர்கள். எதிர்த்தரப்பு ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 8-வது பிரிவைக் காட்டி ஆர்பிட்ரேஷனுக்குத் திருப்பிவிடும், மாதங்கள் வீணாகும். அதே 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-வது பிரிவில் கோர்ட்டிடம் இடைக்காலத் தடை கேளுங்கள். உத்தரவு வந்த 90 நாளுக்குள் ஆர்பிட்ரேஷனைத் தொடங்க வேண்டும் என்பதைப் பலர் கோட்டை விடுகிறார்கள். அந்த ஷரத்து இல்லை, மதிப்பும் 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாது என்றால் வணிக நீதிமன்றம். அங்கே அவசரத் தடை கேட்காமல் போனால், முன்கூட்டியே சமரச முயற்சி கட்டாயம். அதைத் தாண்டிப் போட்ட வழக்கு நிராகரிக்கப்படும். விஷயம் தெரிந்து 6 மாதம் கழித்துப் போய் ‘அவசரம்’ என்றால் எதிர்த்தரப்பு அதைக் கேள்வி கேட்கும்.

வணிகச் சின்னம் பதிவாகியிருந்தால் 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 29-வது பிரிவு உதவும். விண்ணப்பம் மட்டும் நிலுவையில் இருந்தால், உங்கள் கடை என்று மக்களை நம்பவைத்து வியாபாரம் செய்கிறார் என்ற அடிப்படையில்தான் போக முடியும். அதற்கு விற்பனைக் கணக்கு, விளம்பரச் செலவு எல்லாம் காட்ட வேண்டும். கோர்ட் சார்பில் கடைக்குப் போய்ப் பார்வையிடும் வக்கீலான அட்வகேட் கமிஷனரை நியமிக்கவும் மனுப் போடுங்கள். ஸ்டிக்கர், டப்பா, சீருடை எல்லாவற்றையும் அவர் பட்டியல் எடுத்தால் பின்னால் மறுக்க முடியாது. எதிர்த்தரப்பைக் கேட்காமல் தடை கிடைத்தால், மனு நகலும் ஆவணங்களும் அன்றே அல்லது மறுநாளே அவருக்குப் போக வேண்டும். அதில் தவறினால் தடையே கலையலாம்.

உண்மையிலேயே போட்டியை நிறுத்த வேண்டுமென்றால், 27-வது பிரிவிலேயே ஒரு விதிவிலக்கு இருக்கிறது: கடையை நற்பெயரோடு விலைக்கு வாங்கிவிடுவது. விற்றவர் குறிப்பிட்ட எல்லைக்குள், நீங்கள் அங்கே அந்தத் தொழிலை நடத்தும் வரை, போட்டி போடக் கூடாது என்ற உடன்பாடு எல்லை நியாயமாக இருந்தால் செல்லும். பெயருக்கு ஒரு ரூபாய் எழுதிவிட்டு இதைக் கேட்பது வீண். நற்பெயருக்கான தொகையைத் தனியாகக் குறிப்பிட்டு வங்கி வழியாகக் கொடுங்கள். வியாபாரம் நடக்கும் மூலைக்கடையாக இருந்தால், வழக்குச் செலவைவிட இது மலிவாகவே முடியும்.