இடுப்பு வலிக்காமல் துப்பாக்கி வைத்துக்கொள்ள, முதலில் பெல்ட்டை மாற்றுங்கள்

டெக்சாஸ் மாதிரி மாநிலங்களில் சட்டப்படி கைத்துப்பாக்கியை ஆடைக்குள் மறைத்து வைத்துக்கொள்பவர்கள் பலர் துப்பாக்கிக்குத் தாராளமாகச் செலவு செய்துவிட்டு, அதைத் தாங்கும் பெல்ட்டில்தான் கணக்குப் பார்க்கிறார்கள். குண்டு நிரப்பிய கிளாக் 19 ரகக் கைத்துப்பாக்கி சுமார் 850 கிராம் இருக்கும். சாதாரண பெல்ட் அந்தப் பாரத்தில் மடங்கி, துப்பாக்கியின் பிடி வெளியே சாய்ந்து சட்டைக்கு மேல் துருத்திக்கொண்டு தெரியும், அதை மறைக்க பெல்ட்டை இன்னும் இறுக்குவோம், அப்புறம் இடுப்பெலும்பு வலிக்காமல் என்ன செய்யும்? ஒன்றரை அங்குல அகலத்தில், உள்ளே விறைப்பான பட்டை வைத்துத் தைத்ததாக வாங்குங்கள். ஹோல்ஸ்டரின், அதாவது துப்பாக்கி உறையின், கிளிப்பும் அதே அகலத்துக்குப் பொருந்தவேண்டும், இல்லையென்றால் ஆடும்.

ஹோல்ஸ்டர் டிரிகரை முழுதாக மூடியிருக்கவேண்டும், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. தோலில் செய்த உறை உடம்புக்கு இதம்தான், ஆனால் நாளானால் வாய்ப்பக்கம் தளர்ந்து மடங்கும், துப்பாக்கியை உள்ளே செருகும்போது அந்த மடிப்பே டிரிகரை அழுத்திவிடலாம். அதனால் என் ஓட்டு கைடெக்ஸ் என்ற விறைப்பான பிளாஸ்டிக் உறைக்கு. உடம்பில் படும் பக்கம் சற்று உயரமான தடுப்பு இருந்தால் உலோகம் தோலில் உரசாது, வியர்வையும் துப்பாக்கியில் படாது.

பேன்ட்டின் உள்பக்கம் செருகுவதென்றால் இடுப்பளவு ஓர் அங்குலமாவது கூடுதலாக எடுங்கள். தொப்பை உள்ளவர்களுக்கு முன்பக்கத்தைவிட வலது இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால் வைப்பது பெரும்பாலும் சௌகரியம், இடதுகைக்காரர்களுக்கு இடது பக்கம். குண்டுகளை எடுத்துவிட்டு, சேம்பர் (சுடத் தயாராகக் குண்டு உட்காரும் அறை) காலிதானா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, வீட்டிலேயே மாட்டிக்கொண்டு குனிந்து, உட்கார்ந்து, கார் சீட் பெல்ட்டும் போட்டுப் பாருங்கள், உட்காரும்போதுதான் எங்கே குத்துகிறது என்று தெரியும்.