இடுப்பு மூட்டு ஆபரேஷன்: மெடிக்கல் கோடிங் பழகுவது எப்படி?

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கமிருந்து பஸ் பிடித்து கோயம்புத்தூருக்கு மெடிக்கல் கோடிங் (நோயையும் சிகிச்சையையும் பில்லுக்கான கோட்களாக மாற்றும்) வேலைக்குப் போகும் பிள்ளைகள் ஆர்த்தோவை, அதாவது எலும்பு மூட்டுக் கேஸைக் கண்டால் கொஞ்சம் மிரள்வார்கள். அதிலும் இடுப்பு என்றால் கேட்கவே வேண்டாம். இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்க கிளெய்முக்கு (இன்ஷூரன்ஸிடம் பணம் கேட்கும் பில்லுக்கு); பாலக்காட்டு ஆஸ்பத்திரி பில்லுக்கு இது ஆகாது.

படி 1: சர்ஜன் எழுதிய ஆபரேஷன் நோட்டை முழுசாகப் படியுங்கள்

தலைப்பில் வெறுமனே ‘ஹிப் ரீப்ளேஸ்மென்ட்’ என்றுதான் இருக்கும். அதை நம்பி கோட் போடக் கூடாது. வலதா இடதா, இடுப்பெலும்புக் கிண்ணத்தையும் மாற்றினார்களா, தொடை எலும்பின் தலையை மட்டும்தானா, ஏற்கெனவே செயற்கை மூட்டு இருந்ததா என்று உள்ளே தேடுங்கள்.

படி 2: எதற்காகச் செய்தார்கள்?

பாதி டினையல் (பில்லுக்குப் பணம் மறுப்பது) பிறப்பது இங்கேதான் என்பேன். தேய்மானத்துக்காகக் கிண்ணம், தலை இரண்டையும் மாற்றினால் 27130. தலையை மட்டும் மாற்றினால் 27125. சரி, ஒரு பாட்டி பாத்ரூமில் வழுக்கி விழுந்து தொடை எலும்பின் கழுத்து முறிந்துவிட்டது. நோட்டில் ‘பைபோலார், சிமென்ட் போட்ட ஸ்டெம்’ என்று இருக்கிறது, அதாவது செயற்கைத் தலையும் அதைத் தாங்கும் தண்டும்; கிண்ணத்தைத் தொடவில்லை. கை தானாக 27125-க்குப் போகும். போடாதீர்கள். முறிவுக்காகத் தலையை மாற்றினால் 27236. வைத்த பொருள் ஒன்றேதான். காரணம் மாறினால் கோடும் மாறும்.

பழைய செயற்கை மூட்டைத் திரும்ப மாற்றினால்: கிண்ணம், தொடைப் பக்கம் இரண்டும் 27134, கிண்ணம் மட்டும் 27137, தொடைப் பக்கம் மட்டும் 27138.

இவை சர்ஜன் பில்லுக்கான சிபிடி (டாக்டர் செய்த சிகிச்சையைச் சொல்லும்) கோட்கள். உள்நோயாளிக்கு ஆஸ்பத்திரி போடும் பில்லில் ஐசிடி-10-பிசிஎஸ் என்ற வேறு கோட் வரிசை வரும். இரண்டையும் கலக்காதீர்கள்.

படி 3: நோய்க்கான கோட்

வலது இடுப்பில் மட்டும் முதல்நிலைத் தேய்மானம் என்றால் எம்16.11, இடது எம்16.12, இரண்டும் எம்16.0. பாட்டியின் வலது கழுத்து முறிவுக்கு, எந்தப் பகுதி என்று எழுதாவிட்டால், எஸ்72.001ஏ. ஆனால் அவருக்கு எலும்புச் சிதைவு (ஆஸ்டியோபோரோசிஸ்) இருப்பதாக நோட்டில் இருந்து, நல்ல எலும்பு தாங்கிவிடும் சின்ன விழுகையில் முறிந்திருந்தால் எஸ் வரிசை ஆகாது; எம்80-க்குப் போங்கள். வயது சார்ந்த சிதைவு, வலது தொடை என்றால் எம்80.051ஏ. கடைசி ‘ஏ’ சிகிச்சை நடந்துகொண்டிருப்பதைச் சொல்கிறது.

படி 4: மாடிஃபையர், 90 நாள்

மாடிஃபையர் என்பது கோடுக்குப் பின்னால் சேர்க்கும் கூடுதல் குறி. வலதுக்கு ஆர்டி, இடதுக்கு எல்டி. அப்புறம், மெடிகேரில் (அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டில்) இந்த ஆபரேஷன்களுக்கு 90 நாள் குளோபல் பீரியட் உண்டு. அதற்குள் வரும் வழக்கமான செக்கப்புக்குத் தனியாகப் பணம் கிடையாது. 99024 போட்டுப் பதிவு செய்வார்கள். அதே காலத்தில் மூட்டு நழுவி, மயக்கம் கொடுத்து ஆபரேஷன் தியேட்டரில் வெட்டாமல் திரும்ப உள்ளே தள்ளினால் 27266, கூடவே மாடிஃபையர் 78. சம்பந்தமே இல்லாத வேறு ஆபரேஷன் என்றால் 79.