பேஸ்மெண்டில் சம்ப் பம்ப் வைப்பதும், குழியை ஒழுங்காக மூடுவதும்

பேஸ்மெண்டில் ஊறும் தண்ணீரைத் தரையில் தோண்டிய ஒரு குழியில் சேர்த்து, வெளியே இறைத்துத் தள்ளும் மோட்டார்தான் சம்ப் பம்ப். அதை வைக்கப் போனால் எல்லோரும் முதலில் கேட்பது எத்தனை ஹெச்.பி. மோட்டார் வாங்கலாம் என்றுதான். சாதாரண வீட்டுக்குப் பெரும்பாலும் தண்ணீருக்குள் மூழ்கியபடி ஓடும் அரை ஹெச்.பி. சப்மெர்சிபிளே போதும். தகராறு வருவதெல்லாம் மிதவை (தண்ணீர் மட்டத்தோடு ஏறி இறங்கி மோட்டாரை ஓடவும் நிற்கவும் வைப்பது), வால்வு, மூடி இந்த மூன்றில்தான்.

தரை எங்கே தாழ்வோ அங்கே குழி, ஆனால் சுவரை ஒட்டி வேண்டாம், அஸ்திவாரம் இடிபடும். உடைப்பதற்கு முன் கீழே ஒயரோ கழிவுநீர்க் குழாயோ போகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தொட்டி 18 அங்குல அகலம், 24 அங்குல ஆழம் இருந்தால் சரி. அதைவிடச் சில அங்குலம் பெரிதாகத் தோண்டி, அடியிலும் சுற்றிலும் கழுவிய ஜல்லி போட்டு, தொட்டியின் விளிம்பு தரை மட்டத்துக்கு வரும்படி இறக்குங்கள். தொட்டிக்குள் மோட்டாரை ஜல்லி மேல் உட்கார வைக்காதீர்கள், பொடிக்கல்லை இழுத்துக்கொள்ளும். ஒரு தட்டைக் கல் மேல் வையுங்கள். மிதவையைக் கையால் தூக்கி இறக்கிப் பாருங்கள், தொட்டிச் சுவரிலோ ஒயரிலோ ஒரு தடவை சிக்கினாலும் மோட்டாரை நகர்த்தித்தான் ஆக வேண்டும்.

வெளியேற்றும் குழாய் ஒன்றரை அங்குல பிவிசி. அதில், ஏறிய தண்ணீர் திரும்பிக் குழிக்குள் இறங்காமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வை அம்புக்குறி மேல்நோக்கி இருக்க மாட்டுங்கள், பசை போட்டு ஒட்டாமல் ரப்பர் இணைப்பும் கிளாம்பும் போட்டால் பின்னால் கழற்ற முடியும். அப்புறம் பலர் விட்டுவிடும் விஷயம்: மோட்டாருக்கும் வால்வுக்கும் நடுவே, மூடிக்குக் கீழே வரும்படி, குழாயில் 3 மி.மீ. துளை. இது இல்லையென்றால் வால்வுக்குக் கீழே காற்று அடைத்துக்கொண்டு, மோட்டார் உறுமும், தண்ணீர் ஏறாது. சில மோட்டார்களிலேயே இந்தத் துளை இருக்கும், கையேட்டைப் பாருங்கள். ஓடும்போது துளையிலிருந்து மெலிதாகப் பீய்ச்சும், கசிவு என்று நினைத்து டேப் சுற்றிவிடாதீர்கள். குழாயின் மறுமுனை வீட்டிலிருந்து பத்தடியாவது தள்ளி, சரிவு வெளிப்பக்கம் இருக்கிற இடத்தில் முடியட்டும், இல்லாவிட்டால் அதே தண்ணீர்தான் திரும்பவும் குழிக்கு வரும். மின்கசிவு வந்தால் துண்டிக்கும் பாதுகாப்புள்ள தனி பிளக் பாயிண்ட் வேண்டும்; எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம்.

மூடுவதற்கு முன்பே வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, தானாக ஓடித் தானாக நிற்கிறதா என்று இரண்டு மூன்று முறை பாருங்கள்.

மூடி வெறும் பலகையாக இருந்தால் ஈரமும் வாடையும் அறைக்குள் வரும், மண்ணிலிருந்து ரேடான் என்ற கதிரியக்க வாயு வரும் இடங்களில் அதற்கும் இதுவே வாசல். குழந்தைகள் இருக்கிற வீட்டில் கேட்கவே வேண்டாம். ஒருவர் ஏறி நின்றாலும் வளையாத மூடியாக எடுத்து, விளிம்புக்கடியில் ரப்பர் கேஸ்கட் வைத்துத் திருகால் இறுக்குங்கள். ஒயர் ஓட்டைக்குள் பிளக் நுழையாது. அதற்காக ஒயரை வெட்ட வேண்டாம், மூடியின் விளிம்பிலிருந்து ஓட்டை வரை ஒரு கீறல் போட்டு ஒயரை உள்ளே தள்ளிவிட்டு, பிளவுபட்ட ரப்பர் வளையத்தால் அடைத்து, கீறலைச் சிலிக்கானால் பூசுங்கள். சிலிக்கான் பின்னால் உரித்தால் வந்துவிடும். சிமெண்ட் பூசினால் மோட்டார் மாற்றுகிற அன்றைக்கு உளிதான்.

மூடிய பிறகு உள்ளே மட்டம் தெரியாது என்பதால், தண்ணீர் ஏறினால் கத்தும் சின்ன அலாரம் ஒன்றையும் மறக்காமல் உள்ளே மாட்டிவிட்டு மூடுங்கள், மிதவை மோட்டாரை ஓட வைக்கும் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே.